மத்தியானம் விழித்திருந்தவள்

“நான் நிகிலன். வெள்ளோடை ஸ்கூல்ல உங்ககூடத்தான் படிச்சேனாம்.”

லாரி டிரைவர் ஒருவரின் கையைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிக்கொண்டிருந்த மிருதுளா திரும்பிப் பார்த்தாள். அவளுடைய பிசியோதெரபி நிலையத்தின் கண்ணாடிக் கதவருகே ஒருவர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருந்தார். நல்ல உயரம். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. காதுகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து நின்றன. அந்தக் காதுகளை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“படிச்சேனாம் என்ன, படிச்சே. ஜன்னல் ஓரத்துல உக்காருவே,” என்றாள்.

அவன் சிரிக்க முயன்றான். அவள் சட்டென்று ‘நீ’ என்று பேசியது அவனுக்குச் சங்கடமாக இருந்தது. அவளைப் பொறுத்தவரை அவன் நாலாம் வகுப்பு நிகிலன். அவனுக்கோ அவள் இன்று முதல்முறை பார்க்கும் ஒரு பெண்.

இப்படி அவளைத் தேடி வருவது கொஞ்ச நாளாக நடந்துகொண்டுதான் இருந்தது. பள்ளியில் அவர்களுக்குக் கட்டிய நெற்றிப்பட்டை பற்றிய செய்தி வெளியானதிலிருந்து, எங்கெங்கோ இருந்த பழைய வகுப்புக்காரர்கள் அவள் எண்ணைக் கண்டுபிடித்துப் பேசினார்கள். எல்லோரும் நல்ல வேலையில் இருந்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். “நான் எப்படி இருந்தேன், மிருதுளா?”

அவள் சொல்வாள். சத்துணவு முட்டையின் மஞ்சள் கருவைத் தங்கைக்காகச் சட்டைப் பையில் வைத்து, பை முழுக்கப் பிசுபிசுவென்று ஆக்கிக்கொண்டவனிடம் அதைச் சொன்னாள். ஆண்டு விழாவில் ஆடிக்கொண்டிருக்கும்போதே பாவாடை நாடா அவிழ, ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஆடி முடித்தவளிடம் அதைச் சொன்னாள். அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வரும். அடுத்த வீட்டுக் குழந்தையின் குறும்பைக் கேட்டுச் சிரிக்கும் சிரிப்பு அது. ஒவ்வொரு முறை போனை வைக்கும்போதும் மிருதுளாவுக்கு ஒரு வகுப்பு முழுவதையும் தனியாளாகச் சுமப்பதுபோல இருக்கும்.

டிரைவர் போன பிறகு நிகிலனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

“உனக்கும் நீ எப்படி இருந்தேன்னு தெரியணுமா?”

“எனக்கு என்னைப் பத்தி வேணாங்க,” என்றான் அவன். “எங்கம்மாவைப் பத்தித் தெரியணும். பாண்டீஸ்வரி. நான் அஞ்சாவது படிக்கும்போது இறந்துட்டாங்க. நீங்க பாத்திருக்கீங்களா?”

மிருதுளா அவனுடைய காலித் தம்ளரை வாங்கி வைத்தாள். இந்தக் கேள்வி என்றாவது ஒருநாள் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வரக்கூடாது என்றும் கொஞ்சம் விரும்பியிருந்தாள்.

“தினமும் பாத்தேன்,” என்றாள்.

வெள்ளோடை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் அப்போது பிள்ளைகள் குறைவு. மாநில அடைவுத் தேர்வில் மாவட்டத்திலேயே கடைசியாக வந்த பள்ளி அது. அடுத்த தேர்விலும் அப்படியே வந்தால் பள்ளியை மூடி, நாலு வழிச் சாலைக்கு அந்தப் பக்கமுள்ள பள்ளியோடு சேர்த்துவிடுவதாக மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். அந்தச் சாலையைக் கடக்கும்போது முந்தின வருடம்தான் பால்காரர் ஒருவர் அடிபட்டுச் செத்தார். தலைமை ஆசிரியை எமல்டா டீச்சர் பயந்துபோய் எத்தனையோ பேரைப் பார்த்தார். கடைசியில் ஒரு பரிசோதனைத் திட்டத்தில் பள்ளியைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்படித்தான் நெற்றிப்பட்டை வந்தது.

துணிப் பட்டைதான். உள்ளே மெல்லிய மின்கம்பி ஓடும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்து அதை நெற்றியில் கட்டிக்கொள்ள வேண்டும். கண்ணை மூடிக் கொஞ்ச நேரத்தில் தூக்கம் வந்துவிடும். காலையில் நடத்திய பாடம் தூக்கத்தில் மறுபடியும் மனசுக்குள் ஓடும். எழுந்தால் பதினாறாம் வாய்ப்பாடும் தலைகீழாக வரும். முதல் மாதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தவர்கள் மடமடவென்று வாசித்தார்கள்.

மிருதுளாவுக்கு மட்டும் கட்டவில்லை. அவளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்திருந்தது. கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மற்ற எல்லாரும் உறங்கும் பள்ளிக்கூடத்தில் அவள் மட்டும் விழித்திருந்தாள். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பின்கட்டில் உட்கார வைத்திருப்பார்கள். கூடத்து வாசற்படியில் அவள் தனியே உட்கார்ந்திருப்பாள். சமையல் கூடத்தில் அண்டா தேய்க்கும் சத்தம் கேட்கும். சாம்பார் வாசனை இன்னும் காற்றில் இருக்கும். உள்ளே வரிசையாக அவளுடைய சிநேகிதர்கள் வாய் பிளந்து கிடப்பார்கள். முதலில் பொறாமையாக இருந்தது. பிறகு அந்த நேரத்துக்காகவே பள்ளிக்கு வரத் தொடங்கினாள். பாண்டீஸ்வரி அக்கா அப்போதுதான் வருவாள்.

“மில்லு வேலைங்களா அம்மாவுக்கு?” என்று நிகிலன் கேட்டான். “அப்பா அப்படித்தான் சொன்னார்.”

“ஆமா. நூல் மில்லு. சாப்பாட்டு இடைவேளை விட்டதும் ஓடி வருவாங்க. தலைமுடி பூராம் பஞ்சு ஒட்டியிருக்கும். ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உன்னையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. நீ குப்புறப் படுத்துருந்தா, ‘மூச்சு முட்டப்போகுது, திருப்பி விடுறி’ன்னு என்னை உள்ள அனுப்புவாங்க. நான் பூனை மாதிரிப் போயி உன்னைத் திருப்பி விட்டுட்டு வருவேன்.”

நிகிலன் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

“அப்புறம் என் பக்கத்துல வந்து உக்காருவாங்க. உனக்குன்னு ஏதாச்சும் கொண்டு வந்திருப்பாங்க. கடலை மிட்டாய், நெல்லிக்காய், சில நாள் மில்லு கேன்டீன் பஜ்ஜி. நீ தூங்குறே. பஜ்ஜி ஆறிப்போகும். ‘நீ தின்னுடி’ம்பாங்க. நான் தின்பேன். எனக்குத் தலை பின்னி விடுவாங்க. உன்னைப் பத்தித்தான் பேசுவாங்க. நீ பொறந்தப்போ காதுதான் முதல்ல தெரிஞ்சுச்சாம். ‘எலிக்குஞ்சு மாதிரி இருந்தான்டி’ன்னு சொல்லிச் சிரிப்பாங்க. வாய் விட்டுச் சிரிக்க முடியாதுல்ல, எல்லாரும் தூங்குறீங்களே. முந்தானையை வாயில வெச்சு அமுக்கிக்கிட்டுச் சிரிப்பாங்க.”

“வீடியோவெல்லாம் இருக்குங்க,” என்றான் அவன். “ஒரு கல்யாணத்துல எடுத்தது. என்னை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டுப் போவாங்க. எத்தனையோ தடவை பாத்துட்டேன். யாரோ ஒருத்தங்க யாரோ ஒரு பையனைத் தூக்கிட்டுப் போற மாதிரியே இருக்கு.”

“ஏன் இப்படி ஆச்சு? செய்தியில ஏதேதோ போட்டாங்க. எனக்குச் சரியா விளங்கல.”

“பெங்களூர்ல ஒரு டாக்டரைப் பாத்தேன். அவர் சொன்னது இதுதான். பகல்ல நடக்குற எல்லாத்தையும் தூங்கும்போதுதான் மூளை பிரிச்சு உள்ள வெக்குமாம். அந்தப் பட்டை, பாடத்தை முதல்ல உள்ள அனுப்புன்னு மூளையைப் பழக்கிடுச்சு. ராத்திரித் தூக்கமும் அதே பழக்கத்துக்கு வந்துடுச்சாம். பாடம் மட்டும் உள்ள போகும். மத்ததெல்லாம் வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போயிடும். பேரு, வழி, மொகம் இதெல்லாம் அப்போதைக்குத் தங்குச்சு, பிறகு அதுவும் மங்கிப்போச்சு. நடந்தது எதுவும் தங்கல. குழந்தைங்க விளையாட்டுத்தனமா மறக்குதுங்கன்னு எல்லாரும் நினைச்சுட்டாங்க. பட்டையைக் கழட்டுன அப்புறம் சரியாயிடுச்சு. ஆனா அந்த மூணு வருஷமும், அதுக்கு முந்தின சின்ன வயசு ஞாபகமும் போனது போனதுதான்.” அவன் கொஞ்சம் நிறுத்தினான். “ஆந்திராவோட ஆறுகள் எல்லாம் இப்பவும் வரிசையா சொல்லுவேன். அம்மாவோட குரல் தெரியாது.”

மிருதுளாவுக்குப் பழைய ஒரு நாள் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது.

“ஒரு தடவை கரண்டு போச்சு. பட்டையெல்லாம் அணைஞ்சு எல்லாரும் பாதியில முழிச்சுட்டீங்க. நீ கண்ணைக் கசக்கிக்கிட்டு வெளிய வந்தே. உங்கம்மா எனக்குத் தலை சீவிக்கிட்டிருந்தாங்க. வந்தியே ஒரு வரத்து! ‘எங்கம்மாடி அது!’ன்னு கத்திக்கிட்டு என்னைப் பிடிச்சுத் தள்ளி விட்டே. நான் படியில உருண்டு கீழ விழுந்தேன். உங்கம்மா மடியில ஏறி உக்காந்துக்கிட்டு, என்னை முறைச்சே பாத்தே. எங்கம்மா, எங்கம்மான்னு சொல்லிக்கிட்டே இருந்தே.”

நிகிலன் சிரித்தான். இந்தச் சிரிப்பு அவனுடையதாக இருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்ததையும் அவன் துடைக்கவில்லை.

“அடிபட்டுச்சா உங்களுக்கு?”

“முட்டியில தோலு போச்சு. உங்கம்மா ரெண்டு பேரையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு, தேங்காய் எண்ணெய் தேடிக்கிட்டு ஓடுனாங்க.”

அவன் முகம் மெல்ல மாறியது.

“தினமும் வந்தாங்கன்னா, ஏன் ஒரு நாள்கூட என்னை எழுப்பல?”

“எமல்டா டீச்சர் விட்டிருக்க மாட்டாங்க. பட்டை கட்டியிருக்கும்போது யாரும் தொடக்கூடாதுன்னு கண்டிப்பு.” அவள் குரலில் பழைய கசப்பு எட்டிப் பார்த்தது. அடைவுத் தேர்வு அன்று எமல்டா டீச்சர் அவள் வீட்டுக்கே வந்து, “ஒரு நாள் மட்டும் லீவு போட்டுக்கோம்மா” என்று அவள் அம்மாவிடம் கேட்டிருந்தார். பட்டை கட்டாத ஒரு பிள்ளை எழுதினால் சராசரி இறங்கும். அன்று மிருதுளா சீருடை போட்டுக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தத் தேர்வில் வெள்ளோடை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தது. அதிகாரிகள் மாலை போட்டார்கள். பள்ளி பிழைத்தது.

“டீச்சர் இருக்காங்களா?” என்று கேட்டான் நிகிலன்.

“வெள்ளோடையிலதான். தங்கச்சி வீட்டுல.”

“எனக்கு அவங்களைப் பாக்கணும். கூட வர்றீங்களா? வழி தெரியாது. ஊரே தெரியாது எனக்கு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவனுடைய காரில் போனார்கள். ஊருக்குள் நுழைந்ததும் மிருதுளா ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். அவன் சைக்கிள் பழகி விழுந்த இறக்கம், அவர்கள் குடியிருந்த லைன் வீடு, ஐஸ் வண்டி நிற்கும் இடம். அவன் புது ஊரைப் பார்ப்பதுபோல எல்லாவற்றையும் பார்த்தான். பள்ளிக்கு இப்போது மாடி கட்டியிருந்தார்கள். வாசலில் மூன்று வேன்கள் நின்றிருந்தன. அவன் காரை நிறுத்திச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கிளப்பினான்.

எமல்டா டீச்சர் முன்னறையில் நாற்காலி போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மெலிந்து சிறுத்துப்போயிருந்தார். நிமிர்ந்து பார்த்ததும், “மிருதுளா,” என்றார். பிறகு பின்னால் நின்றவனைப் பார்த்தார். காதுகளைப் பார்த்தார். கையிலிருந்த வெங்காயத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“பாண்டீஸ்வரி மகன்.”

“ஆமாங்க டீச்சர்.”

“உக்காருப்பா. என்னைத் தெரியுதான்னு கேக்க மாட்டேன். யாருக்கும் தெரியல. போன வாரம் பேங்குல ஒருத்தன். அஞ்சாவது வரைக்கும் நான் கையைப் பிடிச்சு எழுதச் சொல்லிக் கொடுத்தவன். ‘மேடம், ஆதார் நம்பர் சொல்லுங்க’ங்கிறான்.” டீச்சர் சிரித்தார். “இவ ஒருத்திக்குத்தான் என்னைத் தெரியும். இவளைத்தான் அன்னிக்கு வீட்டுல இருக்கச் சொன்னேன்.”

மிருதுளா தரையைப் பார்த்துக்கொண்டாள். வரும் வழியெல்லாம் மனதில் வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நிகிலன் நேராகக் கேட்டான். “எங்கம்மா தினமும் வந்து ஜன்னல்ல நின்னாங்களாம். நீங்க ஏன் டீச்சர் என்னை எழுப்பல?”

டீச்சர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

“நான் எழுப்பறேன்னு சொன்னேன்ப்பா. அவதான் வேணாம்னா.”

“வேணாம்னாங்களா?”

“உங்கம்மாதான் முதல்ல கண்டுபிடிச்சது. எந்த டாக்டரும் இல்ல. ஒரு சனிக்கிழமை உன்னை வைகை அணைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. அடுத்த வாரம் நீ, ‘அணைக்கு எப்பம்மா போவோம்?’னு கேட்டிருக்கே. வெளையாடுறான்னு நினைச்சிருக்கா. அப்புறம் ஒவ்வொண்ணா கேட்டுப் பாத்திருக்கா. எதுவும் இல்ல. எங்கிட்ட வந்து சொன்னா. ‘டீச்சர், பாடம் பூராம் இருக்கு, நான் இல்லை டீச்சர் அவங்கிட்ட’ன்னா.”

டீச்சர் தட்டிலிருந்த வெங்காயத் தோலை ஓரமாக ஒதுக்கினார்.

“எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மேல எழுதிக் கேட்டேன். அதெல்லாம் ஒண்ணுமில்லன்னுட்டாங்க. நானும் நம்பிக்கிட்டேன். நம்பணும்னு ஆசை எனக்கு. அந்தச் சாலையை என் புள்ளைங்க தாண்டக்கூடாதுங்கிறது ஒண்ணுதான் மனசுல இருந்துச்சு. இருந்தாலும், பாண்டீஸ்வரி, உன் மகனுக்கு மட்டும் பட்டையைக் கழட்டிடறேன், யாருக்கும் தெரியாமப் பாத்துக்கறேன்னு சொன்னேன். சரின்னுட்டுப் போனா. ரெண்டு நாள் கழிச்சு வந்தா. மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருந்தா. நுரையீரல் பூராம் போயிடுச்சு, ஒரு வருஷம் தாண்டாதுன்னு சொல்லிட்டாங்களாம்.”

மிருதுளா நிமிர்ந்தாள். அது அவளுக்குத் தெரியாது. அக்கா இருமுவாள். பஞ்சு என்று சொல்வாள். அவ்வளவுதான் தெரியும்.

“‘கழட்டாதீங்க டீச்சர்’னா. ‘அவங்கப்பன் இன்னொருத்தியக் கட்டுவான். சின்னப் பய, கட்டித்தானே ஆகணும். வர்றவள இவன் அம்மான்னு கூப்பிடணும். நான் நடுவுல நின்னா அவளும் அடிப்பா, இவனும் ஏங்கிப்போவான். என் நெனப்பு இல்லாம வளரட்டும். நான் சாகுறதையும் பாக்காத மாதிரி இருக்கட்டும்’னா. நான் எவ்வளவோ சொன்னேன். கேக்கல. ‘நான் பாத்துக்கிட்டாப் போதும் டீச்சர், அவன் என்னப் பாக்க வேணாம்’னுட்டா.”

நிகிலன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். உள்ளங்கைகளால் முழங்கால்களை அழுத்திப் பிடித்திருந்தான்.

“சின்னம்மாவை நான் அம்மான்னுதான் கூப்பிடுறேன்,” என்றான் கடைசியில். “முதல் நாள்லேருந்து. எனக்குக் கஷ்டமாவே இல்லை. அவங்க என்னை ஒரு நாளும் அடிச்சதில்ல. நல்லாத்தான் வளத்தாங்க.”

“அப்ப அவ நினைச்சது நடந்துச்சு,” என்றார் டீச்சர்.

“நடந்துச்சு.” அவன் குரல் உடைந்தது. “எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே டீச்சர். நான் அழுதிருப்பேன். அழுதா என்ன? ஒரு வருஷம் அழுதிருப்பேன். அப்புறம் எனக்குன்னு ஒரு அம்மா இருந்திருப்பாங்கல்ல.”

பிறகு அவன் அழுதான். வளர்ந்த ஆள் அழுவதுபோல அடக்கி அழவில்லை. வாயைத் திறந்து, மூச்சு விட்டு விட்டு, சின்னப் பையன்கள் அழுவதுபோல அழுதான். உள்ளேயிருந்து டீச்சரின் தங்கை ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். டீச்சர் எழுந்துவந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

புறப்படும்போது டீச்சர் வாசல்வரை வந்தார். மிருதுளாவின் கையைப் பிடித்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று அவள் நினைத்தாள். “உனக்குக் கணக்கு நல்லா வரும். அன்னிக்கு எழுதியிருந்தாலும் நல்லாத்தான் எழுதியிருப்பே,” என்றார் டீச்சர். மிருதுளாவும் பிடித்த கையை உடனே விடவில்லை.

கார் ஊரைத் தாண்டியதும் நிகிலன் ஓரமாக நிறுத்தினான். இருபுறமும் கத்தரித் தோட்டம். வெயில் ஏறியிருந்தது.

“மிருதுளா,” என்றான். “நான் அங்க தூங்கும்போது அவங்க என்னைத் தொட்டதே இல்லையா? ஜன்னலுக்கு வெளியிலயேதான் நின்னாங்களா?”

“ஒரு நாள் உள்ள வந்தாங்க. டீச்சர் மீட்டிங்குக்குப் போயிருந்தாங்க. நான்தான் வாசல்ல காவல் நின்னேன். உன் பாயில, கால்மாட்டுல உக்காந்தாங்க. மொகத்தைத் தொட்டா நீ முழிச்சுருவேன்னு, உன் கால்ல கையை வெச்சுக்கிட்டாங்க. மில்லு சங்கு ஊதுற வரைக்கும் அப்படியே இருந்தாங்க. நீ அசையவே இல்ல.”

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

“எந்தக் கால்? சொல்லு.”

மிருதுளா யோசித்தாள். கூடத்தின் அரை இருட்டு நினைவிருந்தது. பாயின் நீலக் கரை நினைவிருந்தது. அக்காவின் குனிந்த முதுகும், கொண்டையில் ஒட்டியிருந்த பஞ்சும் நினைவிருந்தன. அக்காவின் கை அந்த முதுகுக்கு மறைவில் இருந்தது. எந்தக் கால் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் அவளுக்கு வரவில்லை. இத்தனை நாளில் யார் என்ன கேட்டாலும், கண்டதைத் தவிர ஒரு சொல் கூட்டி அவள் சொன்னதில்லை.

“இடது கால்,” என்றாள்.

நிகிலன் குனிந்து செருப்பைக் கழற்றினான். இடது காலைத் தூக்கி மடிமேல் வைத்து, பாதத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். பின்னால் வந்த மினி பஸ் ஹாரன் அடித்துவிட்டு விலகிப் போயிற்று. அவன் கையை எடுக்கவில்லை. மிருதுளா ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தரித் தோட்டத்தைப் பார்த்தபடி, அவனுக்குப் போதும் என்று தோன்றும்வரை காத்திருந்தாள்.